சிம்ப்ரா சேர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்கிய அனுபவம்

கொள்ளுப்பிட்டியில் எங்கள் அலுவலகக் கட்டடத்தில் மின் திருத்த வேலை. போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தன்று காலை முதல் கரண்ட் இருக்காது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். மற்றச் சேர்வர்களை நிறுத்துவது பெரிய வேலையில்லை. மெயில், கலண்டர் எல்லாம் ஓடும் சிம்ப்ராவுக்குத்தான் பொறுமை வேண்டும்.

எழுதிக்கொண்டிருப்பவற்றை டிராஃப்டில் சேமிக்கும்படி முதல்நாளே வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அறிவித்தேன். வெளியிலிருந்து வரும் மெயில் தொலையுமோ என்று கணக்குப் பிரிவில் பயந்தார்கள். தொலையாது. அனுப்பும் சேர்வர் அதைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். அது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள் என்றால் வழக்கமாக 5 நாள் வரை.

பேக்கப் முடிந்ததைப் பார்த்துவிட்டு, ரூட்டிலிருந்து சிம்ப்ரா யூசருக்கு மாறி, எல்லாச் சேவையையும் நிறுத்தும் ஸெட்எம்கன்ட்ரோல் ஸ்டாப் கட்டளையைக் கொடுத்தேன். ஒவ்வொரு சேவையாக ‘டன்’ என்று வந்தது. மெயில்பாக்ஸில் மட்டும் திரை அப்படியே நின்றது.

“அக்கா, கில் மைனஸ் நைன் குடுக்கட்டோ?” என்றான் கூட வேலை செய்யும் தம்பி.

“வேண்டாம், பொறும். அது எழுதி முடிக்கட்டும்.”

கில் மைனஸ் நைன் என்றால் புரோசஸை உடனே வலுக்கட்டாயமாக வெட்டும் கட்டளை. இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. உள்ளே ஜாவாவும் மரியாடிபி என்ற தரவுத்தளமும் ஓடுகின்றன. பாதி எழுத்தில் வெட்டினால் அடுத்த முறை அந்தத் தரவுத்தளம் தன்னைச் சரிசெய்துகொண்டுதான் எழும்பும். சிலவேளை எழும்பாமலே போகும். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. எல்டாப் என்ற விவரக் கோப்பகச் சேவை கடைசி. எல்லாச் சேவையும் அமைப்பு விவரங்களை அதிலிருந்துதான் வாசிக்கின்றன. அதனால் தொடங்கும்போது அதுதான் முதல்.

திரையில் ‘டன்’ வந்ததோடு எழும்பிப் போகாதீர்கள். ஓடும் புரோசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையைக் கொடுத்து, சிம்ப்ரா யூசரின் பெயரில் ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்குப் புள்ளிவிவரம் சேகரிக்கும் புரோசஸ்கள் சில மிஞ்சியிருந்தன. சாதாரண கில் கொடுத்ததும் போய்விட்டன. பிறகு, பூட் ஆகும்போது சிம்ப்ரா தானாகத் தொடங்காதபடி மாற்றிவிட்டு மெஷினை நிறுத்தினோம்.

பின்னேரம் கரண்ட் வந்ததும் முதலில், பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் சேர்வரை ஏற்றினேன். தன் பெயருக்கு ஐபி கிடைக்காவிட்டால் சிம்ப்ரா தடுமாறும். ஹோஸ்ட் கட்டளையில் சரியான ஐபி வந்த பிறகே ஸ்டார்ட் கொடுத்தேன். ஸ்டேட்டஸில் எல்லாம் ‘ரன்னிங்’ என்று வந்தும் வெப்மெயில் உடனே திறக்கவில்லை. ஜாவா முழுதாக எழும்பச் சற்று நேரம் எடுக்கும். அதற்காக இன்னொரு முறை ரீஸ்டார்ட் பண்ணத் தேவையில்லை. ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, அங்கிருந்து பதில் வரவழைத்துப் பார்த்தேன். மெயில்கியூ (அனுப்பக் காத்திருக்கும் மெயில் வரிசை) காலியாக இருந்தது. காலையிலிருந்து வெளியே காத்திருந்த மெயில்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியதும் தானியங்கித் தொடக்கத்தைத் திரும்பப் போட்டுவிட்டேன்.