கிளாஸ்பரின் இடது கை: 30 மில்லி செகண்ட் தாமதம் ஒருவழியாக உட்கார்ந்தது

அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் ராபர்ட் கிளாஸ்பர் மாதிரி இடது கையைத் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் வைத்து வாசிக்கப் பழகிவருகிறேன். நேற்று ராத்திரி ரீப்பர் என்ற மென்பொருளில் பதிவு செய்ததைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 84 துடிப்பு, சி மைனர் நைன் கார்டில் ஒரு சின்ன வாம்ப், அதாவது திரும்பத் திரும்ப வாசிக்கும் துண்டு. இடது கை கார்டுகள் (ஒரே நேரத்தில் அமுக்கும் சுரக் கொத்துகள்) அத்தனையும் திரையில் துடிப்பைக் காட்டும் கோட்டுக்கு 25 முதல் 35 மில்லி செகண்ட் பின்னால் வரிசையாக நிற்கின்றன. வலது கை கோட்டின் மேலேயே இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கவில்லை. கேட்கும்போது தலை தானாக ஆடுகிறது. இதைப் பார்க்கத்தான் இவ்வளவு நாள் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் தாங்காமல் எழுதுகிறேன்.

ராபர்ட் கிளாஸ்பரை எங்கள் வேலூர் வட்டத்தில் ஏன் இப்படிக் கொண்டாடுகிறோம் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. இங்கே பாகாயம், தோட்டப்பாளையம், காட்பாடி, ராணிப்பேட்டை என்று எங்கே கீபோர்டு வாசிக்கிறவரைப் பிடித்தாலும் பாதிப் பேர் சர்ச்சில் தொடங்கியவர்கள். பாமாலை, கீர்த்தனை, கிறிஸ்துமஸ் கேரல்ஸ் என்று வாசித்துப் பழகிய கை. கிளாஸ்பரும் அப்படித்தான். 1978இல் ஹூஸ்டனில் பிறந்தவர். அம்மா சர்ச்சில் பாடி, பியானோவும் வாசித்தவர். மகனும் அங்கேயே வாசிக்கத் தொடங்கினார். 2012இல் வந்த பிளாக் ரேடியோ அடுத்த வருடம் சிறந்த ஆர் அண்ட் பி ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. ஜாஸ் ஆள் ஒருவர் அந்தப் பிரிவில் போய் ஜெயித்தது எங்களுக்குச் சொந்தக்காரப் பையன் ஜெயித்த மாதிரி இருந்தது.

ஆனால் எனக்கு உயிர் 2007இல் வந்த இன் மை எலிமென்ட் ஆல்பம்தான். டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஹிப்ஹாப் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லா 2006இல் இறந்துபோனார். அவர் எம்பிசி என்ற டிரம் இயந்திரத்தில் ஒவ்வொரு டிரம் ஒலியையும் தனித்தனியாகக் கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளி ஒரு தாளம் உண்டாக்கினார். அந்த இயந்திரம் இப்போது வாஷிங்டனில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிளாஸ்பர் அந்தத் தள்ளாட்டத்தை பியானோ, பேஸ், டிரம்ஸ் என்ற மூன்று பேர் கைக்குள் கொண்டு வந்தார். பேஸில் விசென்டே ஆர்ச்சர், டிரம்ஸில் டேமியன் ரீட். பட்டனைத் திருகி வந்த தாமதம் அங்கே விரலிலிருந்து வருகிறது. நினைத்தால் இன்னும் சிலிர்க்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாய்சிங், அதாவது கார்டின் சுரங்களை அடுக்கும் விதம், கஷ்டமே இல்லை. ரூட்டை (அடிச் சுரமான சியை) பேஸுக்கு விட்டுவிட்டு இடது கையில் பி ஃபிளாட், டி, ஈ ஃபிளாட், ஜி. நடுவில் டியும் ஈ ஃபிளாட்டும் ஒட்டி உரசும், அந்த உரசல்தான் அழகு. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு: சியை ஷட்ஜமாக வைத்தால் நி, ரி, க, ப, எல்லாம் கரகரப்பிரியா சுரங்கள். அடுத்தடுத்துப் பாடுகிற ரியையும் க-வையும் ஒரே நேரத்தில் அமுக்குகிறோம், அவ்வளவுதான்.

கஷ்டம் முழுக்க நேரத்தில். 84 துடிப்பு வேகத்தில் ஒரு துடிப்பு, அதாவது கால் நோட்டு, 714 மில்லி செகண்ட்; அதில் நாலில் ஒன்றான பதினாறாவது நோட்டு 179. நமக்கு வேண்டிய தாமதம் அதிலும் ஆறில் ஒரு பங்கு. இதை எண்ண முடியாது. தாளம் தொடங்கிக் கொஞ்சம் கழித்துப் பாட்டு தொடங்கும் அனாகத எடுப்பு வாசித்தவர்கள் இது சுலபம் என்று நினைப்பார்கள். அங்கே அரை, முக்கால் என்று கணக்கு இருக்கிறது, கை தட்டிப் பிடித்துவிடலாம். இங்கே கணக்கு கிடையாது. 'லேட்டாக வாசி' என்று கைக்குச் சொன்னால் ஒரு கார்டு 10இல் விழும், அடுத்தது 70இல் விழும். கேட்பவருக்கு அது தூக்கக் கலக்கமாகத்தான் தெரியும்.

டிரம்ஸ் வாசிக்கும் தம்பி பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, "இன்னாண்ணா, ஒண்ணு நிக்குது, ஒண்ணு ஓடுது?" என்றான். அவன் சொன்னது ரொம்பச் சரி. தாமதம் பிரச்சினையே இல்லை, ஒரே அளவுத் தாமதம்தான் வேண்டும்.

மூன்று விஷயம் உதவியது. ஒன்று, விரல்களை முன்கூட்டியே கட்டைகளின் மேல் வைத்துவிடுவது. கையை உயரத்திலிருந்து இறக்கினால் ஒவ்வொரு தடவையும் விழும் நேரம் மாறுகிறது. இரண்டு, மெட்ரோனோமை நாலாவது துடிப்பில் மட்டும் ஒலிக்க விடுவது. நாலு துடிப்பிலும் அடித்தால் இடது கை அதன் பின்னாலேயே ஓடுகிறது. மூன்றாவதுதான் பெரிய திறப்பு: கார்டைத் தாமதமாகத் தொடங்கினாலும், விடும்போது டிரம்ஸின் ஸ்னேர் அடிக்குச் சரியாக விட வேண்டும். தொடக்கம் சோம்பல், முடிவு கறார். இதைச் செய்ததும் முன்பு குழைந்து கிடந்த அதே கார்டுகள் நிமிர்ந்துவிட்டன. கிளாஸ்பரைத் திரும்பப் போட்டுக் கேளுங்கள், அவர் கையை எடுக்கும் இடங்களைக் கவனியுங்கள். எனக்குக் காது திறந்தது அங்கேதான்.

இதில் ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலைத் தொடவே கூடாது. உள்ளூர்க் கடை ஒன்றில் வாங்கியதில் போலாரிட்டி தலைகீழ், காலை எடுத்தால் சத்தம் நீள்கிறது. திருப்பிக் கேட்டால் 'எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க' என்று பதில். போலாரிட்டியை மாற்ற ஸ்விட்ச் வைத்த பெடலாகப் பார்த்து வாங்குங்கள். கேபிள், ஜாக் எல்லாம் நான் சென்னை ரிச்சி தெருவில்தான் எடுக்கிறேன். காலையில் காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் சென்ட்ரலிலிருந்து பக்கம்தான்.

லேப்டாப்பில் ரோட்ஸ் (எலக்ட்ரிக் பியானோ) ஒலி தரும் பிளகின் வைத்துப் பழகுகிறவர்கள் பஃபரை, அதாவது கணினி ஒலியைத் தேக்கி அனுப்பும் அளவை, 128க்கு இறக்குங்கள். 512இல் வைத்தால் பஃபர் மட்டுமே கிட்டத்தட்ட 12 மில்லி செகண்ட் தின்கிறது. காதில் தாமதமாகக் கேட்டால் கை தன்னை அறியாமல் முந்திப் போய் ஈடு கட்டும், அப்புறம் அளப்பதற்கே அர்த்தமில்லை. புளூடூத் ஹெட்ஃபோன் பக்கமே போகாதீர்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஸ்பீக்கரில் வரும் 'உம்ம்' சத்தத்துக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. சித்திரை வெயிலில் ஃபேனையும் நிறுத்த முடியாது, ஃபேன் சத்தமும் இந்த உம்மும் சேர்ந்தால் ஸ்னேரே கேட்காது.

எஃப் மைனருக்கு மாறும் இடத்தில் தாமதம் இன்னும் 15க்குச் சுருங்கிவிடுகிறது. கார்டு மாறும் பயத்தில் கை முந்துகிறது போல. அதை முடிக்காமலேயே மனசு, குரலை சின்தசைசர் ஒலியாக மாற்றும் வோகோடர் பக்கம் போய்விட்டது. பிளாக் ரேடியோவில் கிளாஸ்பர் குழுவின் கேசி பெஞ்சமின் சாக்ஸஃபோனையும் வோகோடரையும் வைத்துச் செய்ததைக் கேட்ட நாளிலிருந்து ஆசை. 2024இல் அவர் போய்விட்டார். இந்த டிசம்பர் கேரல்ஸில் ஒரு பாமாலைப் பாட்டுக்கு அந்த ஒலியும், கீழே இந்த இடது கையும் வைத்துப் பார்க்க வேண்டும். தம்பி ஸ்னேரை நேராகவே அடிப்பதாகச் சம்மதித்துவிட்டான். ராணிப்பேட்டை, காட்பாடிப் பக்கம் யாரிடமாவது மைக் இன்புட் உள்ள பழைய சின்த் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வந்து பார்த்து எடுத்துக்கொள்கிறேன்.