புழுவுக்குப் போட்ட சுகர் மாத்திரை

போன மாதம் சுகர் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிக் கணக்கு) 7.4 வந்தது. டாக்டர் மெட்ஃபார்மின் 500 எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்கு அப்புறம். வீட்டுக்கு வந்து அட்டையைப் பிரித்ததும் லேசாக மீன் வாடை. "என்னங்க இது, கருவாடு மாதிரி நாறுது?" என்றாள் மனைவி. எனக்கு அது பழகிய வாடை. ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது இதே மருந்தைப் பொடியாக நிறுத்துப் புழுக்களுக்குப் போட்டவன் நான்.

மண்புழு இல்லை, சி. எலிகன்ஸ். ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி உடம்பு, இரண்டு மூன்று வார ஆயுள். அகார் என்ற ஜெல்லி ஊற்றிய தட்டில் ஈ.கோலை பாக்டீரியாவைப் பூசிவிட்டால் அதைத் தின்றே வளரும். அதற்கு ஆன்டிபாடி கிடையாது. ஆனாலும் கிருமி உள்ளே வந்தால் குடல் செல்களே எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும். அந்த எதிர்ப்புக்குப் பிஎம்கே-1 என்ற புரதம் வேண்டும் என்று 2002இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். நம் உடம்பில் அதற்குப் பங்காளி முறை, பி38 என்ற புரதம்.

சோதனை எளிது, செய்கிறவனுக்குத்தான் சித்ரவதை. ஈ.கோலைக்குப் பதில் சூடோமோனாஸைப் பூச வேண்டும். தீக்காயக்காரர்களையும் வென்டிலேட்டரில் இருப்பவர்களையும் பிடிக்கிற அதே கிருமி. தட்டில் பச்சை பாயும், திறந்தால் திராட்சை வாசம். 25 டிகிரியில் வைத்தால் மூன்று நான்கு நாளில் பெரும்பாலான புழுக்கள் காலி. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, பிளாட்டினம் கம்பியால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். தலையை ஒரு இழை அசைத்தாலும் உயிர் என்றுதான் கணக்கு. சில புழுக்கள் கிருமியை விட்டு ஓடித் தட்டின் சுவரில் ஏறிக் கருவாடாகக் காய்ந்திருக்கும். அதெல்லாம் கணக்கில் வராது.

ஒருமுறை பெயரைத் தட்டின் அடியில் எழுதாமல் மூடியில் எழுதித் தொலைத்தேன். மூடிகள் மாறிவிட்டன. மருந்துத் தட்டு எது, சும்மா தட்டு எது என்று தெரியாமல் நாலு நாள் உழைப்பு குப்பைக்குப் போனது. "மூடி நடக்கும்டா, தட்டு நடக்காது" என்றார் லேபில் இருந்த அண்ணன் ஒருவர். இன்றைக்கும் சமையலறை டப்பாக்களில் நான் மூடியில் பெயர் எழுதுவதில்லை.

2020இல் வைருலன்ஸ் இதழில் சீன ஆய்வாளர்களின் கட்டுரை வந்தது. மெட்ஃபார்மின் தின்ற புழுக்கள் சூடோமோனாஸைக் கூடுதல் நாள் தாங்கின. பிஎம்கே-1 இல்லாத புழுக்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்குப் பிடித்த இடம் இதுதான். மருந்து நேராகக் கிருமியைக் கொன்றிருந்தால் அந்தப் புழுக்களும் பிழைத்திருக்க வேண்டுமே. அப்படியானால் மருந்து தட்டி எழுப்பியது புழுவின் சொந்த எதிர்ப்பைத்தான்.

ஆனால் மெட்ஃபார்மின் விஷயத்தில் நான் சட்டென்று எதையும் நம்புவதில்லை. இந்த மருந்து புழுவின் ஆயுளைக் கூட்டுவது, பெருமளவு அது தின்னும் ஈ.கோலையின் ஃபோலேட் (ஒரு பி வைட்டமின்) வேலையைக் கெடுப்பதால்தான் என்று 2013இல் லண்டனில் காட்டினார்கள். பாக்டீரியா இல்லாமல் வளர்த்த புழுக்களுக்கோ ஆயுள் குறைந்தது! அப்புறம் அளவு. புழு லேப்களில் வழக்கமாகப் போடுவது 50 மில்லிமோலார், அதாவது லிட்டர் அகாருக்கு எட்டு கிராமுக்கு மேல். என் மாத்திரைக் கணக்கில் 16. என் ரத்தத்திலோ லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம்தான் இருக்கும்.

கிருமிக்கும் இந்த மருந்துக்கும் உறவு புதிதும் இல்லை. சர்க்கரைக்கு வருவதற்கு முன்பே, 1949 வாக்கில், பிலிப்பைன்ஸில் எவுசேபியோ கார்சியா என்ற மருத்துவர் இதை ஃப்ளூ காய்ச்சலுக்குக் கொடுத்திருக்கிறார். பாரிஸில் ழான் ஸ்டெர்ன் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதியது 1957இல். நம்ம ஊரிலும், சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் டிபி மருந்தோடு இதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. 2022இல் முடிவு வந்தது: சளியிலிருந்து கிருமி சீக்கிரம் போகவில்லை, அழற்சி மட்டும் தணிந்தது.

இதையெல்லாம் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியிடம் சொன்னேன். "அப்போ இனிமே உங்களுக்குச் சளி பிடிக்காதா?" என்றாள். சளி தெரியாது, இரண்டு வாரமாக வயிறு கடமுடா என்கிறது. புழுக்களுக்கும் இப்படித்தான் கலக்கியிருக்குமோ என்னவோ, நான் தலை ஆடுகிறதா என்று மட்டும்தானே பார்த்தேன்.