ஃப்ளைஓவர் நடுவுல வண்டி நின்னப்போ

11 வருஷமா கார் ஓட்டறேன், பயம்னா என்னன்னே தெரியாம ஓட்டினவ நான். ஒரு நாள் வேலை முடிஞ்சு வரும்போது ஃப்ளைஓவர் மேல டிராஃபிக் அப்படியே நின்னுடுச்சு, முன்னாடி லாரி, பின்னாடி பஸ், இறங்கி ஓடக்கூட வழியில்லன்னு ஒரு நினைப்பு வந்துச்சு பாருங்க, அவ்ளோதான், நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு பத்தல, விரலெல்லாம் மரத்துப்போச்சு, உதட்டைச் சுத்தி குறுகுறுங்குது. ஹார்ட் அட்டாக்குன்னே முடிவு பண்ணிட்டேன்.

ஈசிஜி, தைராய்டு, ரத்தம் எல்லாம் பார்த்தாங்க. நார்மல். சந்தோஷப்படணும்ல, எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு, அப்போ அன்னைக்கு வந்தது என்னதான்?

அதுக்கப்புறம் நான் பண்ணதுதான் பெரிய தப்பு. ஃப்ளைஓவரை விட்டேன், அப்புறம் ஹைவேயை விட்டேன், அப்புறம் பெரிய சிக்னல். ஆறே மாசத்துல பக்கத்துத் தெருவைத் தாண்டி ஓட்ட முடியல. அதுவும் மடியில தண்ணி பாட்டில், ஏசி ஃபுல்லா, ஃபோன்ல வீட்டுக்காரர் லைன்லயே இருக்கணும். தப்பிச்சு வீட்டுக்கு வந்ததும் ஒரு நிம்மதி வருமே, அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனின்னு அப்போ தெரியல.

சைக்காலஜிஸ்ட்கிட்ட போனப்போ நான் முதல்ல கேட்டதே ஓட்டும்போது மயங்கி விழுந்துட்டா என்ன பண்றதுன்னுதான். உங்களுக்கு வர்றது பேனிக் அட்டாக், அதாவது திடீர்னு உச்சத்துக்கு ஏறுற பயம், பொதுவா பிபி இறங்கினாதான் மயக்கம் வரும், இதுல ஏறத்தான் செய்யும், மரத்துப்போறது வேகவேகமா மூச்சு விட்டு ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையறதாலன்னாங்க. எல்லாரும் "ஆழமா மூச்சு இழு"ன்னு சொல்வாங்கல்ல, எனக்கு அதுல இன்னும் மோசமாத்தான் ஆச்சு. இழுக்கறதை விட மெதுவா, நீளமா வெளிய விடறதுதான் எனக்கு உதவுச்சு.

அப்புறம் ஒரு கூத்து. சுத்தற நாற்காலில உக்கார வெச்சு தலை கிறுகிறுக்கற வரைக்கும் சுத்த விட்டாங்க, ஸ்ட்ரா வழியா மட்டும் மூச்சு விடச் சொன்னாங்க. அதே படபடப்பை வேணும்னே வரவழைச்சு, அது தானா அடங்கறதைப் பார்க்கறது. கூடவே சைக்யாட்ரிஸ்ட் தினமும் போட ஒரு மாத்திரை குடுத்தார், அது வேலை செய்யவே சில வாரம் ஆச்சு. (பதற்றத்தை உடனே அடக்கற மாத்திரை வேற, அது தூக்கம் வரவைக்கும், அதைப் போட்டுட்டு ஸ்டியரிங்கைத் தொடாதீங்க.)

ரோட்டுக்கு வந்தது படிப்படியாத்தான். முதல்ல ஒரு சின்னப் பாலம், வீட்டுக்காரர் பக்கத்து சீட்ல. அப்புறம் அவர் பின் சீட்ல. அப்புறம் வேற வண்டில பின்னாடி வந்தார். ஓட்டும்போது வந்துச்சுன்னா வேகத்தைக் குறைச்சு, இண்டிகேட்டர் போட்டு, நிறுத்தற மாதிரி இடம் இருந்தா ஓரங்கட்டிடுவேன், ஆனா திரும்பி வீட்டுக்குப் போகக்கூடாது, அடங்கினதும் மேற்கொண்டு போயே ஆகணும், அதான் ஒப்பந்தம்.

கடைசியா அதே ஃப்ளைஓவர், தனியா. அன்னைக்கும் வண்டியெல்லாம் நின்னுச்சு, அதுவும் கரெக்டா வந்துச்சு. மணி 5:42. காதுகிட்ட ஏறியிருந்த தோளை இறக்கினேன், ஸ்டியரிங்கை நெரிச்சிட்டிருந்த விரலை ஒண்ணொண்ணா தளர்த்தினேன், உள்ளங்கை ஈரத்துல ஸ்டியரிங் பிசுபிசுன்னு இருந்துச்சு. சரி வா, எவ்ளோ தூரம் போறன்னு பார்க்கறேன்னு முன்னாடி வண்டி நம்பரைத் திரும்பத் திரும்பப் படிச்சிட்டிருந்தேன். பின்னாடி எவனோ ஹாரன் அடிச்சப்போதான் முன்னாடி ரோடு காலியானதையே கவனிச்சேன். 5:50.

போன மாசம் ஒரு சுரங்கப்பாதைல திரும்பவும் எட்டிப் பார்த்துச்சு, கொஞ்ச நேரத்துல போயிடுச்சு. ஃபோன், மாத்திரை எல்லாத்தையும் விட்டாச்சு, தண்ணி பாட்டில் மட்டும் இன்னும் பக்கத்துலயே இருக்கு. தாகத்துக்குத்தான்னு சொல்றேன், வீட்டுக்காரர் நம்ப மாட்டேங்கறார்.