தட்டில் இருப்பதும் உடம்பில் சேர்வதும்

ஜனவரி 6

இரத்தசோகை தென்பட்டால்தான் இரும்புச்சத்துக் குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இரத்தசோகை கடைசிக் கட்டம். முதலில் கரைவது உடம்பின் சேமிப்பு. அதைக் காட்டுவது, இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமான ஃபெரிட்டினின் அளவு. ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கும்போதே ஃபெரிட்டின் அடிமட்டத்துக்குப் போய்விடலாம். தங்கைக்கு நேர்ந்திருப்பது இதுதான். மாதக்கணக்கில் சோர்வு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சீப்பு நிறைய முடி. "ஒழுங்காகச் சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்று எத்தனை பேர் அவளைக் கடிந்துகொண்டார்கள்! மூன்று வேளையும் வயிறார உண்பவள் அவள். அந்தப் பேச்சுகளை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

அமெரிக்கப் பரிந்துரையின்படி 19 முதல் 50 வயது வரையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் இரும்பு வேண்டும். அதே வயது ஆணுக்கு 8 போதும். மாதவிடாய் இழப்பை ஈடுகட்டத்தான் இந்த வேறுபாடு. பெரும்பாலும் ஆணைவிடக் குறைவாக உண்ணும் பெண், அந்த உணவிலிருந்து இரண்டு மடங்குக்கும் மேல் இரும்பைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜனவரி 9

எந்த உணவில் எவ்வளவு இரும்பு என்று அட்டவணைகள் சொல்கின்றன. அதில் எவ்வளவு உடம்பில் சேரும் என்பதை அவை சொல்வதில்லை. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் வடிவில், அதாவது ஹீமோகுளோபினில் உள்ள அதே வடிவில், இருக்கிறது. குடல் அதை எளிதாக ஏற்றுக்கொள்ளும். பருப்பு, பயறு, கீரை, முழுதானியம் ஆகியவற்றின் இரும்பு வேறு வடிவம். தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைடேட் என்ற சேர்மம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தேநீரிலும் காபியிலும் உள்ள பாலிஃபீனால்களும் அப்படியே.

இந்தத் தடையைப் பெருமளவு தளர்த்துவது வைட்டமின் சி. ஆனால் அது அதே வேளை உணவில் இருக்க வேண்டும். காலையில் தின்ற ஆரஞ்சு இரவு உண்ணும் பருப்புக்கு உதவாது. பருப்பின் மேல் எலுமிச்சை பிழியலாம், பயறோடு தக்காளியோ குடைமிளகாயோ சேர்க்கலாம். தேநீரை உணவோடு குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடலாம். செலவே இல்லாத மாற்றம் இது. தங்கையின் அளவுக்குச் சேமிப்பு வற்றிவிட்டால் உணவு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். அதைக் கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது.

ஜனவரி 10

நேற்றைய எண்ணத்தின் தொடர்ச்சி. பசலைக்கீரையில் கால்சியம் நிறையவே உண்டு. ஆனால் அந்தக் கீரையிலேயே உள்ள ஆக்ஸலேட் என்ற சேர்மம் அதைக் கட்டிப் போடுவதால் உடம்பில் சேர்வது சுமார் 5 விழுக்காடுதான். பாலில் இருந்து 30 விழுக்காட்டுக்கு அருகில் சேர்கிறது. புரோக்கோலியில் ஆக்ஸலேட் குறைவு. அதன் கால்சியம் நன்றாகவே சேர்கிறது. கேரட்டில் உள்ள, உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் சேரவோ சிறிது எண்ணெய் துணை வேண்டும்.

ஜனவரி 14

1950களின் இறுதியில் மருத்துவர் ஆனந்த பிரசாத் ஈரானில் பணியாற்றியபோது, இருபது வயதைக் கடந்தும் சிறுவர்களைப் போலத் தோன்றிய இளைஞர்களைக் கண்டார். வளர்ச்சி நின்றிருந்தது, பருவமடையவில்லை. அவர்களது முதன்மை உணவு புளிக்க வைக்காத கோதுமை ரொட்டி. அதில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. ஃபைடேட் அதைச் சேரவிடவில்லை. பின்னர் எகிப்தில் இதே நிலையில் இருந்தவர்களுக்குத் துத்தநாகம் கொடுத்தபோது அவர்கள் வளர்ந்தார்கள், பருவமடைந்தார்கள். மனிதர்களுக்குத் துத்தநாகக் குறைவு வரவே வராது என்று அதுவரை நம்பியிருந்த மருத்துவ உலகுக்கு எவ்வளவு பெரிய பாடம்!

ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் மூன்றுமே ஃபைடேட்டைக் குறைக்கின்றன. ரொட்டிமாவு ஈஸ்ட்டில் புளிக்கும்போதும் இதுவே நடக்கிறது. ருசிக்காகவும் செரிமானத்துக்காகவும் செய்வதாக நாம் எண்ணும் வேலைகள் இவை. இறைச்சி, சிப்பி, கொட்டைகள், பூசணி விதை ஆகியவை துத்தநாகத்துக்கு நல்ல வழிகள்.

ஜனவரி 15

வயது வந்தவருக்கு அயோடின் நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டுகளுக்குக் கூட்டினாலும் 4 கிராமைத் தொடாது. இந்தத் துளி கருவுற்ற தாய்க்குக் கடுமையாகக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. பிறகு அதைத் திருத்த முடியாது. 1922இல் சுவிட்சர்லாந்து உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கியது. யாரும் உணவுப் பழக்கத்தை மாற்றாமலே, அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலை குறைந்தது. இயற்கையாக அயோடின் கிடைப்பது கடல்மீனிலும் கடற்பாசியிலும். பாலிலும் முட்டையிலும் ஓரளவு உண்டு.

ஃபோலிக் அமிலத்திலும் காலம்தான் முக்கியம். கரு உருவாகி ஏறத்தாழ 28 நாட்களில், மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் மூடிவிடும். கருவுற்றது தெரியவரும்போது அந்த நாட்கள் பெரும்பாலும் கடந்திருக்கும். அதனால்தான் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். திருமணமான தோழிகள் எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 19

இன்று முழுக்க வைட்டமின் பி12 பற்றிய வாசிப்பு. தேவை நாளொன்றுக்கு வெறும் 2.4 மைக்ரோகிராம். இறைச்சி, மீன், முட்டை, பால் தவிர, செறிவூட்டப்பட்ட உணவுகளில்தான் நம்பத்தக்க அளவு கிடைக்கும். கல்லீரல் பல ஆண்டுகளுக்கான இருப்பை வைத்திருப்பதால் குறைவு தாமதமாகவே வெளித்தெரிகிறது. வயதானவர்களுக்கு இரைப்பை அமிலம் குறைவதால், உண்டாலும் சேராமல் போகலாம். பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் அதிகமாக எடுத்தால், அந்தக் குறைவால் வந்த இரத்தசோகை சரியானதுபோல் தெரியும். நரம்புச் சேதமோ தொடரும்.

நீரிழிவுக்காக அம்மா பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறார். அந்த மருந்தை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். பாதம் மரத்துப்போகிறது என்று அவர் சொல்லும்போதெல்லாம் சர்க்கரையின் மேல்தான் பழி விழுகிறது. பி12 குறைவாலும் அது வரக்கூடும். அடுத்த இரத்தப் பரிசோதனையில் பி12ஐயும் சேர்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.