குழாயில் விழும் காந்தம்: 1000 சுற்றுச் சுருளில் வோல்ட் அளந்து பார்த்தது

சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தால் மீட்டர் முள் ஆடும், வெளியே இழுத்தால் எதிர்ப்பக்கம் ஆடும். பள்ளிப் பாடம் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். எவ்வளவு ஆடும், உயரத்தை நான்கு மடங்காக்கினால் வோல்ட் எத்தனை மடங்காகும், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஒரே அளவுதானா என்று எண்ணில் பிடித்துப் பார்ப்பதற்காகத்தான் இந்த அமைப்பு. செலவு அதிகமில்லை. பொறுமை மட்டும் கொஞ்சம் தேவை, அதுவும் சுருள் சுற்றும்போது.

தேவையானவை: 20 மி.மீ. எலக்ட்ரிக்கல் பிவிசி பைப் 70 செ.மீ., 36 கேஜ் எனாமல் செம்புக் கம்பி 50 கிராம், 15 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. தடிமனும் உள்ள நியோடிமியம் காந்தம் இரண்டு. கம்பியை மோட்டார் வைண்டிங் கடையில் எடை போட்டுத் தருவார்கள். 36 எஸ்.டபிள்யூ.ஜி. (கம்பித் தடிமனைக் குறிக்கும் கேஜ் அளவுமுறை) என்று சொல்லிக் கேளுங்கள். செம்பின் விட்டம் 0.19 மி.மீ. இருக்கும். காந்தத்துக்கு என்35 தரம் போதும். என்52 இன்னும் வலுவானது, ஆனால் இந்த வேலைக்குத் தண்டச் செலவு.

காந்தத்தின் நீளம் ஏன் முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பைப்பின் உள்விட்டம் 17 மி.மீ. பக்கம் வரும். 15 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன் கொண்ட ஒற்றை வட்டைப் போட்டால் அதன் மூலைவிட்டம் 15.8 மி.மீ.தான். குழாய்க்குள்ளேயே அது தாராளமாகக் குட்டிக்கரணம் அடிக்கும். ஒரு தடவை வட முனை கீழே பார்த்தபடி வரும், அடுத்த தடவை படுத்தபடி வரும், அளவு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். இரண்டு காந்தங்களை ஒட்டி 20 மி.மீ. நீளமாக்கிவிட்டால் மூலைவிட்டம் 25 மி.மீ. ஆகிவிடுகிறது, திரும்ப வழியே இல்லை. தாறுமாறாக அளவு வருகிறது என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சுருள் சுற்றுவது

பைப்பின் கீழ்முனையிலிருந்து 20 செ.மீ. உயரத்தைச் சுருளின் மையமாகக் குறித்துக்கொண்டு, அதற்கு இருபுறமும் சேர்த்து 25 மி.மீ. இடைவெளியில் இரண்டு அட்டை வளையங்களை ஒட்டினோம். வளையத்தின் வெளிவிட்டம் 35 மி.மீ. இருந்தால் போதும். ஒரு வளையத்தின் அடியில், பைப்பை ஒட்டி, சின்ன ஓட்டை போட்டு, கம்பியின் தொடக்க முனையை ஸ்லீவ் மாட்டி வெளியே எடுத்துவிட வேண்டும். மேலே 1000 சுற்று ஏறிய பிறகு இந்த முனை அறுந்தால் முழுவதையும் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு அடுக்கில் 100 முதல் 110 சுற்று வரை விழும்; ஆக ஒன்பது, பத்து அடுக்கு. எண்ணுவதற்குப் பழைய சாதாரண கால்குலேட்டர் நல்ல உதவி. அதன் சமக்குறிப் பொத்தானின் இரு தொடர்புகளிலும் ஒரு ரீட் சுவிட்ச் (காந்தம் அருகில் வந்தால் தானே இணையும் சுவிட்ச்) பற்றவைத்து, சுழலும் பாகத்தில் சின்னக் காந்தம் ஒன்றை ஒட்டிவிட்டால் போதும். 1 கூட்டல் 1 போட்டு ஆரம்பித்தால் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒன்று ஏறும். (சமக்குறியைத் திரும்ப அழுத்தினால் திரும்பக் கூட்டாத மாடல்களும் உண்டு, முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.) வேகமாகச் சுற்றினால் எண்ணிக்கை விட்டுப்போகும்.

கம்பியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இவ்வளவு மெல்லிய செம்பு அறுவதற்கு முன்பே நீளும், நீண்டால் மெலியும், மெலிந்தால் மின்தடை கூடும். விரல்களுக்கு இடையே ஒரு துண்டுத் துணி வைத்து அதன் வழியாக ஓடவிட்டால் இழுவை சீராக இருக்கும். மூன்று அடுக்குக்கு ஒரு தடவை மாஸ்கிங் டேப் ஒரு சுற்று ஒட்டுவது நல்லது, மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள் சரிந்து புதையாது.

சரிபார்க்க இரண்டு வழி. சராசரி விட்டம் 22 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 69 மி.மீ., 1000 சுற்றுக்கு 69 மீட்டர். இந்தக் கம்பி மீட்டருக்கு 0.59 ஓம் காட்டும். ஆக சுருள் 40 ஓம் அருகில் இருக்க வேண்டும். எடை ஏறத்தாழ 18 கிராம், எனாமலையும் சேர்த்தால் சற்றே கூடும். கம்பி உருளையைச் சுற்றும் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் எண்ணிக்கை விட்டுப்போனதா என்பது தெரிந்துவிடும். எடை சரியாக இருந்து ஓம் மட்டும் குறைந்தால், எங்கோ எனாமல் உரிந்து சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை என்றால், பத்துக்கு ஒன்பது தடவை முனையில் எனாமலைச் சரியாகச் சுரண்டவில்லை. மெல்லிய உப்புத்தாளை மடித்து அதற்குள் கம்பியை வைத்து மெதுவாக இழுங்கள். பளபளப்பான சிவப்பு நிறம் எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும். பிறகு ஈயம் ஏற்றி, வளையக்கூடிய ஒயரோடு இணைத்து, இணைப்பைப் பைப்போடு சேர்த்து ஒட்டிவிடலாம்.

காந்தத்தை விடுவது

கையால் விட்டால் உயரம் ஒவ்வொரு தடவையும் மாறும். பைப்பில் எதிரெதிராக 3 மி.மீ. துளைகள் போட்டு, குறுக்கே ஒரு ஈர்க்குச்சியைச் செருகி, அதன்மேல் காந்தத்தை உட்காரவைத்து, குச்சியை உருவினால் காந்தம் விழும். ஆணி வேண்டாம், காந்தம் அதில் ஒட்டிக்கொள்ளும். உயரத்தைக் காந்தத்தின் மையத்திலிருந்து சுருளின் மையம் வரை எடுக்க வேண்டும். குச்சியில் உட்காருவது காந்தத்தின் அடிப்பகுதி. மையம் அதற்கு 10 மி.மீ. மேலே. எனவே 10, 20, 30, 40 செ.மீ. உயரங்களுக்குத் துளைகள் சுருள் மையத்திலிருந்து 9, 19, 29, 39 செ.மீ. மேலே வர வேண்டும்.

பைப்பின் அடிமுனையைத் தரையோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் காற்று காந்தத்தைத் தாங்கிப் பிடிக்கும், வேகம் குறையும். 5 செ.மீ. தூக்கி நிறுத்தி, கீழே தடித்த ஸ்பாஞ்ச் வையுங்கள். நியோடிமியம் உலோகம் மாதிரி மின்னினாலும் பீங்கானைப் போல உடையும். இரும்பு மேசை, இரும்பு ஸ்டாண்டு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தக் காந்தங்களைக் கையாளவே வேண்டாம். சின்னக் காந்தங்களைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். இரண்டை விழுங்கிவிட்டால் குடலில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஓட்டை போட்டுவிடும்.

மீட்டர் ஏன் பூஜ்ஜியம் காட்டுகிறது

30 செ.மீ. உயரத்திலிருந்து விழும் காந்தம் நொடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் சுருளைக் கடக்கிறது. உள்ளே நுழைய 10 மில்லி நொடி, வெளியேற இன்னொரு 10. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் அளவெடுக்கும். துடிப்பு வந்து போனதே அதற்குத் தெரியாது, திரையில் 0.00, அல்லது அர்த்தமில்லாத ஏதோ ஒரு எண். ஏ.சி. ரேஞ்சுக்கு மாற்றினாலும் இதே கதைதான்.

இந்தச் சிக்கல் மல்டிமீட்டரோடு பிறந்ததல்ல. 1825இல் ஜெனிவாவில் ஜான் டேனியல் கொலடோன் என்ற இயற்பியலாளர் இதே சோதனையைச் செய்தார். காந்தம் கால்வனோமீட்டரை (சிறு மின்னோட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) பாதித்துவிடக் கூடாதென்று அதை அடுத்த அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்துவிட்டு நடந்துபோய்ப் பார்ப்பதற்குள் முள் ஆடி அடங்கிவிட்டது. 1831 ஆகஸ்ட் 29 அன்று ஃபாரடே இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிப் பார்த்தபோது, பேட்டரியை இணைக்கும் கணத்திலும் துண்டிக்கும் கணத்திலும் மட்டுமே முள் அசைந்தது. இடையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அசையவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று வெற்றுச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து அதே விளைவைப் பெற்றார். காந்தம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் சும்மா கிடந்தால் பயனில்லை. சுருளுக்குள் இருக்கும் காந்தப் பாயம் (அதன் வழியே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) மாறிக்கொண்டிருக்கும் நேரம் மட்டுமே மின்னழுத்தம்.

எனவே உச்ச அளவைப் பிடித்துவைக்க ஒரு மின்சுற்று தேவை: சுருளுக்குத் தொடரில் ஒரு 1என்4148 டையோடு, அதற்குப் பிறகு 1 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கப்பாசிட்டர், அதன் இரு முனையில் மீட்டர். துடிப்பு கப்பாசிட்டரை நிரப்பும். டையோடு திரும்ப ஓடவிடாது. மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் என்றால் 10 நொடி நேர மாறிலி, அதாவது எண் மெதுவாகத்தான் இறங்கும், நிதானமாகப் படிக்கலாம். மஞ்சள் நிற டிடி-830 வகை மீட்டர்களின் உள்தடை 1 மெகா ஓம்தான். எண் கண்ணெதிரே வழிந்துவிடும். அதற்கு 10 மைக்ரோ ஃபாரட் போடுங்கள். சுருளின் 40 ஓம் வழியே 0.4 மில்லி நொடியில் நிரம்பும் என்பதால் துடிப்பைத் தவறவிடாது. டையோடு விழுங்கும் 0.6 வோல்ட்டைக் கிடைத்த எண்ணோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு அளவுக்கு முன்பும் கப்பாசிட்டரைக் குறுக்கே தொட்டுக் காலியாக்க மறக்காதீர்கள்.

கணக்குப்படி 30 செ.மீ. உயரத்தில் 8 முதல் 10 வோல்ட் வரலாம். காந்தத்தின் தரம், பைப் உரசல், சுருளின் அகலம் எல்லாம் இதை ஆட்டும். விகிதம்தான் நம்பகமானது. வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது; 10 செ.மீ.க்கு 5 வோல்ட் பக்கம் வந்தால் 40 செ.மீ.க்கு 10 வோல்ட் பக்கம் வர வேண்டும். கணிசமாகக் குறைந்தால் பைப் நேராக நிற்கவில்லை, காந்தம் சுவரில் உரசிக்கொண்டு வருகிறது.

அடுத்ததுதான் இந்த அமைப்பில் மிகவும் பிடித்த பகுதி. டையோடு ஒரு திசைத் துடிப்பை மட்டும் பிடிக்கும். காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் மற்றது பிடிபடும். இரண்டும் சமமில்லை: வெளியேறும் துடிப்பு எப்போதும் பெரியது, ஏனென்றால் அதற்குள் காந்தம் இன்னும் கொஞ்சம் வேகம் பிடித்துவிடுகிறது. 10 செ.மீ. உயரத்தில் இந்த வித்தியாசம் 13 சதவீதம் அளவு, மீட்டரில் தெளிவாகத் தெரியும். 40 செ.மீ.க்கு அது 3 சதவீதமாகச் சுருங்கிவிடும். வெளியேறும் துடிப்பின் வோல்ட் கூடினாலும் அது நீடிக்கும் நேரம் குறைவதால், வரைபடத்தில் இரண்டு துடிப்புகளின் பரப்பளவும் ஒன்றே. உள்ளே போன பாயம் முழுவதும் வெளியே வந்தாக வேண்டுமே.

கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால், ஒரு சிவப்பு, ஒரு பச்சை எல்.இ.டி.யை எதிரெதிர்த் திசையில் இணையாக வைத்து, 220 ஓம் தடையைத் தொடரில் போட்டு, சுருளோடு சேருங்கள். தடை இல்லாமல் போட்டால் உச்சத்தில் 0.2 ஆம்பியர் வரை பாயும். எல்.இ.டி. தாங்கும் தலைகீழ் அழுத்தம் வழக்கமாக 5 வோல்ட்தான். எதிரெதிராக வைத்தால் ஒன்றை மற்றது காப்பாற்றும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாக மின்னுவதுபோல்தான் இருக்கும். செல்போனில் நொடிக்கு 240 சட்டம் (ஃபிரேம்) ஸ்லோ மோஷன் வைத்து எடுத்தால் முதலில் ஒரு நிறம், இரண்டு மூன்று சட்டம் தள்ளி அடுத்த நிறம். காந்தத்தைத் திருப்பிப் போட்டால் வரிசையும் மாறும்.

லென்ஸ் விதி

சுருளில் உண்டாகும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தையே எதிர்க்கும் என்பதுதான் லென்ஸ் விதி. 26 கிராம் காந்தம் 30 செ.மீ. விழும்போது கிடைக்கும் ஆற்றல் 0.08 ஜூல். சுருளின் முனைகளைத் திறந்து வைத்திருக்கும்வரை மின்னோட்டம் இல்லை, காந்தத்துக்குத் தடையும் இல்லை. முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்தால் அந்த ஆற்றலில் கணிசமான பங்கு கம்பியில் சூடாகப் போகிறது. இதை அளக்க, 10 செ.மீ. கீழே இன்னொரு சுருள் வைத்து உச்ச அளவைப் பாருங்கள். மேல் சுருளை ஷார்ட் செய்ததும் கீழ்ச் சுருளின் வோல்ட் இறங்கும்.

செம்புக் குழாய் என்றால் குழாயே ஷார்ட் செய்த சுருள்தான். ஏசி மெக்கானிக்கிடம் ஐந்து எட்டில் அங்குலச் செம்புக் குழாயின் வெட்டுத்துண்டு 30 செ.மீ. கிடைத்தால் போதும், உள்விட்டம் 14 மி.மீ. பக்கம் இருக்கும், 12 மி.மீ. காந்தம் சரியாகப் போகும். வெளியே கால் நொடியில் விழும் தூரத்தை இது உள்ளே சில நொடிகள் எடுத்துக்கொண்டு இறங்கும், அதுவும் ஒரே சீரான வேகத்தில். மேலிருந்து எட்டிப் பார்த்தால் காந்தம் எந்தப் பக்கத்தையும் தொடாமல் நடுவிலேயே மிதந்து போவது தெரியும். அதே தடிமனில் அலுமினியம் கிடைத்தால் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிக வேகம். குழாயை நீளவாக்கில் ரம்பத்தால் கீறிவிட்டாலும் தடை முழுக்கப் போகாது. வட்டமாக ஓட முடியாத சுழல் மின்னோட்டம் சுவருக்குள்ளேயே சின்னச் சின்ன வளையங்களாக ஓடும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மின்தடை எண் செம்பைவிட 40 மடங்கு. அதில் காந்தம் ஏறக்குறைய சும்மா விழுவதுபோலவே விழும். வாங்கும்போது காந்தத்தைக் குழாயில் வைத்துப் பாருங்கள், வலுவாக ஒட்டினால் அது 304 ஆக இருக்க வாய்ப்பு குறைவு.