ட்ரோன் பைலட் சான்றிதழ்: ஐந்து நாள் வகுப்பில் கற்றதும் வயலில் கற்றதும்

எங்கள் மகளிர் குழுவில் ட்ரோன் ஓட்டச் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் நான். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் தையல் மெஷின்தான். இப்போது மன்னார்குடிப் பக்கம் நெல் வயல்களில் மருந்து தெளிக்கிறேன். "பத்தாவதுதான் படிச்சிருக்கேன், இங்கிலீஷும் வராது, எனக்குக் கிடைக்குமாக்கா?" என்று கேட்டுக்கொண்டு யாராவது வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

கிடைக்கும். 2021 ட்ரோன் விதிகள் கேட்பவை மூன்றுதான். வயது 18 முதல் 65-க்குள் இருக்க வேண்டும், பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும், டி.ஜி.சி.ஏ. (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். முன்பு பாஸ்போர்ட்டும் கேட்டார்கள். கிராமத்தில் எத்தனை பெண்களிடம் பாஸ்போர்ட் இருக்கும்? 2023-இல் அதைத் திருத்தி, வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றையும் ஏற்றுக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். என் கதவு திறந்தது அந்தத் திருத்தத்தால்தான்.

எல்லோருக்கும் இந்தச் சான்றிதழ் தேவையா என்றால், இல்லை. 250 கிராம் வரை உள்ள நானோ ட்ரோனுக்கு வேண்டாம். 2 கிலோ வரை உள்ள மைக்ரோவை வருமானத்துக்காக இல்லாமல் ஓட்டினாலும் வேண்டாம். அதே மைக்ரோவை வைத்துக் கல்யாண வீடியோ எடுத்துக் காசு வாங்கினால் சான்றிதழ் வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. 2 முதல் 25 கிலோ வரை 'ஸ்மால்'. எங்கள் மருந்து ட்ரோன்கள் பெரும்பாலும் இதில் வரும். எடை என்பது டேங்கில் நிரப்பிய மருந்துத் தண்ணீரையும் சேர்த்துத்தான். 10 லிட்டர் தண்ணீர் என்றால் 10 கிலோ. எங்கள் மாதிரித் தேர்வில் பாதிப் பேர் தவறவிட்ட கேள்வி இது.

என் பயிற்சி ஐந்து நாள். மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தரும் மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் தேர்வானவர்களுக்கு 15 நாள். ஐந்து நாள் பைலட் பயிற்சி, மீதி பத்து நாள் விவசாயத்துக்கான பயிற்சி. நான் குழுக் கடனில் பணம் கட்டிச் சேர்ந்தேன்.

முதலில் வகுப்புப் பாடம். புத்தகம் முழுக்க இங்கிலீஷ். பயிற்றுநர் தமிழில் விளக்கினாலும் கேள்வித்தாளில் வரும் சொல் இங்கிலீஷ்தானே? அதனால் ஒரு நோட்டில் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் என் பாஷையில் பொருள் எழுதினேன். த்ராட்டில்: ஏறுவது, இறங்குவது. யா: நின்ற இடத்தில் திரும்புவது. பிட்ச்: முன்னும் பின்னும் போவது. ரோல்: பக்கவாட்டில் நகர்வது. மூன்றாம் நாள் வந்தபோது கேள்வியைப் படிக்க யார் உதவியும் தேவைப்படவில்லை. இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டியதில்லை, அறுபது எழுபது சொற்கள் தெரிந்தால் போதும்.

பாடத்தில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது வான்பகுதி மண்டலங்களுக்கு, அதாவது எங்கே பறக்கலாம், எங்கே அனுமதி வேண்டும் என்று நிறம் போட்டுப் பிரித்த பகுதிகளுக்கு. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை அனுமதி கேட்க வேண்டாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் அது 200 அடி. மஞ்சளில் பறக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடாதீர்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து யாராவது தெளிக்கக் கூப்பிட்டால், டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தில் இந்த மண்டலங்களின் வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் "வர்றேன்" என்று சொல்கிறேன். நேற்று பச்சையாக இருந்த இடம் இன்றும் அப்படியே இருக்கும் என்று நம்பவும் கூடாது. தேவைப்பட்டால் 96 மணி நேரம் வரை ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க விதியில் இடமுண்டு.

சரி, இப்போது பறத்தல். என்னை அழவைத்தது இதுதான்.

ட்ரோன் உங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கும்வரை எல்லாம் சுலபம். அதன் வலது உங்கள் வலது. மெஷின் பெடலை மிதித்த கால் பழக்கம் என் விரலுக்கு வந்திருந்தது போல, ரிமோட்டின் குச்சியை மெல்ல நகர்த்துவது எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. அப்புறம் மூன்றாம் நாள் மாலை, ட்ரோனின் மூக்கை, அதாவது முன்பக்கத்தை, உங்கள் பக்கம் திருப்பி அப்படியே நிறுத்துங்கள் என்றார்கள். அதில் எல்லாமே தலைகீழ். இடப்பக்கம் நகர்கிறதே என்று குச்சியை வலது பக்கம் தள்ளினேன், அது இன்னும் வேகமாக இடப்பக்கம் ஓடியது. பயத்தில் இன்னும் அழுத்தினேன். பயிற்றுநர் தன் கையிலிருந்த இரண்டாவது ரிமோட்டில் பிடுங்கி இறக்கினார். அன்று இரவு விடுதியில் எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் காலை அந்தப் பயிற்றுநர் தம்பி சொன்னது இது: "அக்கா, பந்தல் ஒரு பக்கம் சாய்ஞ்சா எங்க முட்டுக் கொடுப்பீங்க? சாயற பக்கம்தானே? மூக்கு உங்களைப் பார்த்து நிக்கும்போது அது எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே குச்சியைக் கொடுங்க." அவ்வளவுதான். வலமா இடமா என்று யோசிப்பதை விட்டேன், முட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். கணினியில் ட்ரோன் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் சாப்பாட்டு நேரத்திலும் இதையே செய்தேன். கடைசி நாள் தேர்வில் எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். எட்டில் பாதி தூரம் மூக்கு நம்மைப் பார்த்துத்தான் வரும். தேறிவிட்டேன்.

சான்றிதழ் டி.ஜி.சி.ஏ.வின் இணையதளம் வழியாக வரும், 10 வருடம் செல்லும். அதில் எந்த வகை, எந்த எடைப் பிரிவு என்று இருக்கும். அதற்கு மட்டும்தான் அது உரிமை தரும். ட்ரோனுக்குத் தனியாக அடையாள எண் வாங்க வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடும் எடுக்க வேண்டும். வகைச் சான்று (அந்த மாடலைச் சோதித்துத் தரும் அங்கீகாரம்) பெற்ற மாடலா என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று எதையோ வாங்கிவிட்டு, அடையாள எண்ணுக்கு விண்ணப்பிக்கும்போது முழிக்க வேண்டியிருக்கும். விதி மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வயலுக்கு வந்த இரண்டாவது வாரம் நடந்ததையும் சொல்ல வேண்டும். பேட்டரி இறங்கினால் ட்ரோன் தானே கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். நாம் குறித்துவைத்த உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து நேர்கோட்டில் வரும். நான் குறித்திருந்தது 10 மீட்டர். வரப்போரம் நின்ற தென்னைகளின் உயரம் அதைவிட அதிகம். முதல் வயலில் மரமே இல்லாததால் மாற்றாமல் விட்டிருந்தேன். ட்ரோன் மட்டைகளை நோக்கி நேராக வருவதைப் பார்த்ததும், திரும்பும் கட்டளையை நிறுத்திவிட்டுக் கையில் எடுத்தேன். அது என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. மூக்கு என் பக்கம். பந்தலும் முட்டும் நினைவுக்கு வராமல் போயிருந்தால் பல லட்சம் ரூபாய் கடன் மரத்தில் தொங்கியிருக்கும். இப்போது ஒவ்வொரு வயலிலும் முதல் வேலை, மரத்தையும் மின்கம்பியையும் பார்த்து அந்த உயரத்தை மாற்றுவது.

மருந்து பற்றி ஒன்று. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். ட்ரோனில் சுமார் பத்து லிட்டர்தான். அதனால் கரைசல் கெட்டியாக இருக்கும், துளி பொடியாக இருக்கும், காற்றில் பக்கத்து வயலுக்கும் குளத்துக்கும் போய்விடும். ஆடிக் காற்றில் யார் எவ்வளவு கெஞ்சினாலும் நான் தெளிப்பதில்லை.

பணம் கட்டும் முன் நிறுவனத்தில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒரு ட்ரோனுக்கு எத்தனை பேர்? என் கையில் ரிமோட் மொத்தம் எவ்வளவு நேரம் இருக்கும்? இரண்டாவது கேள்விக்கு நிமிடக் கணக்கில் பதில் சொல்லும் இடத்தில் சேருங்கள். மழை பெய்தால் பறக்கும் வகுப்பை ஈடுகட்டுவார்களா என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சேர்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.