பதின்மூன்றாவது பாட்டில்

"அன்னிக்கு மழையில எடுத்தோமே, அந்த பாட்டில் கணக்குல வந்துச்சா சார்?"

டீக்கடையில் கேட்டார். "வந்துச்சுண்ணா" என்றேன். வரவில்லை.

அடையாற்றுப் பாலத்திலிருந்து கயிற்றில் வாளியை இறக்கியவர் அவர்தான். நான் பக்கத்தில் குடை பிடித்து நின்றேன் (குடையால் ஒரு பிரயோஜனமும் இல்லை). ஆறு ஒரு வருடத்தில் எவ்வளவு வண்டல் கொண்டுபோகிறது என்று கணக்கிட எடுத்த தண்ணீர் மாதிரிகள் மொத்தம் 13, மாதிரிக்கு ஒரு பாட்டில். 12 மாதிரிகள், ஆறு ஓடுகிறதா தேங்கி நிற்கிறதா என்று சந்தேகம் வரும் மாதங்களில் எடுத்தவை. ஒன்றே ஒன்றுதான் நவம்பர் வெள்ளத்தில் எடுத்தது.

நாங்கள் பயன்படுத்தியது லோட்எஸ்ட், அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் 2004-ல் வெளியிட்ட மென்பொருள். கையில் உள்ள சில மாதிரிகளைக் கொண்டு, வண்டல் சுமைக்கும் (ஆறு கொண்டுபோகும் வண்டலின் அளவு) நீரோட்டத்துக்கும் மடக்கை அளவில் ஓர் உறவை, வரைபடத்தில் ஒரு கோடாக, பொருத்தும். அதை வைத்து, மாதிரி எடுக்காத நாட்களுக்கும் சுமையை மதிப்பிட்டுத் தரும். குறைந்தது 12 மாதிரிகள் கேட்கும். 13-ல் ஒன்றை நீக்கினாலும் கணக்கு ஓடும். அப்போது அது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

மழை பாட்டில் கோட்டுக்கு வெகு மேலே தனியாக நின்றது. எனக்கு மேலே இருந்த சாரிடம் காட்டினேன். "ஒரு பாயின்ட் மொத்தத்தையும் இழுக்குதே, சாம்பிள் ஒழுங்கா எடுத்ததுதானா பாருப்பா" என்றார். அவ்வளவுதான். எத்தனை முறை மனதில் ஓட்டிப் பார்த்தாலும் "தூக்கிடு" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. கணக்கிலிருந்து தூக்கியது நான்.

காரணமும் எழுதி வைத்தேன். வாளியில் மேல்மட்டத் தண்ணீர்தான் வரும். முறையான கருவி என்றால் மேலிருந்து அடிவரை எல்லா ஆழத்திலும் சேர்த்து அள்ளும். எனவே அந்த மாதிரி நம்பத் தகுந்ததல்ல. தப்பில்லாத வாதம் என்று இன்றும் சொல்வேன். ஆனால் மணல் அதிகம் போவது அடியில். மேல்மட்டத் தண்ணீர் காட்டுவது, உண்மையில் போனதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மிக அதிகம் என்று தள்ளிய பாட்டிலுக்கு, குறைத்துக் காட்டும் முறையைக் காரணம் எழுதியிருக்கிறேன். மற்ற 12-ம் அதே வாளியில் வந்தவை. அறிக்கையைப் படித்த ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

நீக்கியதும் புள்ளிகளின் சிதறல் குறைந்து கோடு அழகாக உட்கார்ந்தது. கோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண்ணான ஆர் ஸ்கொயரும் நன்றாகவே இருந்தது. சுமை என்பதே தண்ணீரில் உள்ள வண்டலின் செறிவை நீரோட்டத்தால் பெருக்கியதுதான். நீரோட்டம் சமன்பாட்டின் இரண்டு பக்கமும் இருக்கும்போது அது நன்றாக இல்லாமல் எப்படிப் போகும்? வெளியீட்டுக் கோப்பில் மட்டும் ஓர் எச்சரிக்கை வரி புதிதாக முளைத்தது: மதிப்பிடும் நாட்களின் அதிகபட்ச நீரோட்டம், மாதிரி எடுத்த நாட்களின் அதிகபட்சத்தைத் தாண்டுகிறது. அதாவது, பார்க்காததைச் சொல்கிறாய் என்று மென்பொருளே சொன்னது. கோப்பைப் பின்னிணைப்பில் சேர்த்தேன். மறைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்ட ஆறு இது. வருடத்து வண்டலில் பெரும்பகுதியைச் சில வெள்ள நாட்களே அள்ளிக்கொண்டு போய்விடும். அந்த நாட்களைப் பற்றி 12 கோடைப் பாட்டில்களுக்கு என்ன தெரியும்?

சரி, வைத்திருந்தால்? ஒற்றைப் புள்ளி கோட்டின் சாய்வையே தீர்மானித்திருக்கும். அதுவும் நேர்மையான எண் இல்லை. இன்னும் நாலு வெள்ள மாதிரி எடுத்திருக்க வேண்டும். அதற்கு அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும். அறிக்கையோ மார்ச்சில் போயாக வேண்டும். எல்லாம் சரிதான். ஆனால் அவரிடம் "வரலைண்ணா, இதனாலதான்" என்று சொல்ல இதில் எது தடுத்தது?

டீயைக் குடித்துவிட்டு உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். "அடுத்த மழைக்கு வேற கயிறு வாங்கிக் குடுங்க சார். அன்னிக்கு தோலு உரிஞ்சி போச்சி."